கருங்காலி என்றொரு சொல்

உடன்பிறந்த சகோதரிகள் இருவர். ஒருவர் வீட்டுக் கொல்லையும் மற்றவர் வீட்டுக் கொல்லையும் ஒட்டி அமைந்தவை. நடுவே ஒரு வேலி. ஒருவர் இருமினால் மற்றவர் செவியில் விழும். ஆயினும் அவ்விருவரிடையே பல்லாண்டுகளாகப் பேச்சில்லை. சொத்துத் தகராறா என்றால், இல்லை. கொண்டான் கொடுத்தான் உறவில் நேர்ந்த மனக்கசப்பா என்றால், அதுவும் இல்லை. 1984ஆம் ஆண்டில் நடந்த ஒரு வேலை நிறுத்தத்தில் ஒருவருடைய கணவர் வேலைக்குப் போக மறுத்தவர். மற்றவருடைய கணவர் போனவர். அவ்வளவே.

பி.பி.சி. தொலைக்காட்சியில் 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒளிபரப்பாகிய 'ஷெர்வுட்' என்னும் தொடர் நாடகத்தில் வருகிறவர்கள் இச்சகோதரிகள். ஆறு பகுதிகள் கொண்ட அத்தொடரைத் துப்பறியும் கதை என்றே விளம்பரம் செய்தார்கள். கொலை, துப்பு, கைது என்று செல்லும் நாடகங்களுக்கு அந்நாட்டில் என்றுமே குறைவில்லை. அவற்றுள் ஒன்றென்றே எண்ணி இதனைப் பார்க்கத் தொடங்கினோம். ஆனால் கொலையாளி யார் என்பதை ஆசிரியர் நெடுநேரம் மறைக்க முயலவேயில்லை என்பதைக் கண்டபோது, அவருடைய நோக்கம் வேறு என்பது விளங்கிற்று. ஓர் ஊர் எவ்வாறு இரண்டாகப் பிளந்தது, பிளந்த பின் ஏன் ஒட்டவில்லை என்பதே அவர் துப்பறிய விரும்பிய மர்மம்.

கதை நிகழும் களம்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ளது நாட்டிங்ஹாம்ஷயர் மாவட்டம். ராபின் ஹூட் என்னும் வில்லாளி ஒளிந்து வாழ்ந்ததாகக் கர்ண பரம்பரைக் கதைகள் சொல்லும் ஷெர்வுட் காடு இங்கேதான் இருக்கிறது. அக்காட்டுக்கும் அதைச் சூழ்ந்த வயல்களுக்கும் அடியில் பல நூறு அடி ஆழத்தில் நிலக்கரி படிந்து கிடந்தது. நாவலாசிரியர் டி. எச். லாரென்ஸ் இம்மாவட்டத்து ஈஸ்ட்வுட் என்னும் சுரங்க ஊரில் 1885ஆம் ஆண்டு ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1982இல், அதே மாவட்டத்தில் மான்ஸ்பீல்டு நகரில் பிறந்தவர் ஜேம்ஸ் கிரஹாம். 'ஷெர்வுட்' நாடகத்தை எழுதியவர் இவரே. வேலை நிறுத்தம் நடந்தபோது இவர் கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டியிருந்தார், அவ்வளவுதான். ஆனால் அதன் தழும்புகளைத் தினமும் பார்த்து வளர்ந்தவர்.

இந்நாடகத்துக்கு வித்திட்டது ஓர் உண்மைச் சம்பவம். 2004ஆம் ஆண்டு கோடையில், அவர் வளர்ந்த முன்னாள் சுரங்கப் பகுதியில் அடுத்தடுத்து இரண்டு கொலைகள் நடந்தன. அவை ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. ஆயினும் இரண்டு குற்றவாளிகளும் ஒரே காட்டினுள் ஓடி ஒளிந்தனர். அவர்களைத் தேடப் பல மாவட்டங்களிலிருந்து நூற்றுக்கணக்கான போலீஸார் வந்து குவிந்தனர். கொலையுண்டவர்களுள் ஒருவர் 1984இல் வேலை நிறுத்தத்தில் உறுதியாக நின்றவர். அவரைக் கொன்றவர் அப்போது வேலைக்குச் சென்றவர். இருபதாண்டுக்கு முந்தைய பகைதான் கொலைக்குக் காரணமா என்று ஊரார் தமக்குள் கேட்டுக்கொண்டனர். வெளியூர்ப் போலீஸ் வண்டிகள் வரிசையாக ஊருக்குள் நுழைந்த காட்சி, அவர்கள் மறக்க முயன்ற வேறொரு காலத்தை நினைவூட்டிற்று.

இச்சம்பவத்தை அப்படியே நாடகமாக்கவில்லை கிரஹாம். பாத்திரங்கள் அனைவரும் கற்பனையே. நாடகத்தில் காரி ஜாக்ஸன் என்னும் முன்னாள் சுரங்கத் தொழிலாளி இரவில் அம்பெய்து கொல்லப்படுகிறார். வேலைக்குச் சென்றவர்களைக் கடைசி வரை மன்னியாதவர் அவர். கண்ட இடத்தில் பழிச்சொல்லை வீசுபவர். விசாரணைக்குப் பொறுப்பேற்கும் அதிகாரி இயன் செயின்ட் கிளேர் அவ்வூரிலேயே வளர்ந்தவர். 1984இல் இளம் போலீஸ்காரராக இருந்தவர். அவருக்கு உதவியாக லண்டனிலிருந்து வரும் அதிகாரியும் 1984இல் அதே ஊருக்குக் காவல் பணிக்காக அனுப்பப்பட்டவரே. இருவருக்குமிடையே பழைய கணக்கு ஒன்று தீராமல் நிற்கிறது. ஆக, விசாரிக்க வந்தவர்களும் விசாரிக்கப்பட வேண்டியவர்களாகிறார்கள்.

1984இல் நடந்தது என்ன?

நாடகத்தின் உயிர்நாடி இதுவாதலின், நேயர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்கள் 1947ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நாட்டுடைமையாயின. 1984 மார்ச் மாதத்தில் தேசிய நிலக்கரி வாரியம் இருபது சுரங்கங்களை மூடவும், ஏறத்தாழ 20,000 வேலைகளைக் குறைக்கவும் திட்டமிட்டிருப்பதாக வெளியிட்டது. யார்க்ஷயரில் வேலை நிறுத்தம் மூண்டு பிற இடங்களுக்கும் பரவிற்று. ஒருபுறம் தேசியச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில். மறுபுறம் வாரியத் தலைவர் இயன் மக்ரெகர், அவருக்குப் பின்னே பிரதம மந்திரி மார்கரெட் தாட்சர். சுமார் 1,40,000 தொழிலாளர் பங்குகொண்ட அப்போராட்டம் ஓராண்டு நீடித்து, 1985 மார்ச் மாதம் உடன்பாடு எதுவுமின்றி முடிந்தது.

பிளவு எங்கே தோன்றியது? வாக்கெடுப்பில். நாடு முழுவதற்குமான வேலை நிறுத்தத்துக்கு எல்லாத் தொழிலாளரிடமும் வாக்கெடுப்பு நடத்துவது சங்கத்தின் மரபு. ஸ்கார்கிலும் அவரைச் சார்ந்தோரும் அதனை நடத்தவில்லை. பாதுகாப்பான சுரங்கத்தில் இருப்பவன் தன் வாக்கினால் மற்றவனுடைய வேலையைப் பறிக்கலாமா என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியாது. நாட்டிங்ஹாம்ஷயர் தொழிலாளர்களோ, எங்களைக் கேளாமல் எங்கள் கூலியை நிறுத்தச் சொல்ல நீங்கள் யார் என்று கேட்டனர். அதிலும் நியாயம் இல்லையென்று சொல்ல முடியாது. அவர்கள் தங்கள் மாவட்டத்தில் நடத்திய வாக்கெடுப்பில் வேலை நிறுத்தத்தை ஆதரித்தவர் சுமார் 7,000 பேர். எதிர்த்தவர் சுமார் 20,000 பேர். ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு, சில இல்லங்களில் அறைக்கு அறை இந்தக் கணக்குப் பிரிந்து நின்றது. யார்க்ஷயரில் வேலைக்குப் போனவன் தனியன். இங்கோ வேலைக்குப் போகாதவன் சிறுபான்மை. தன் சங்கத்தின் ஆணைக்குப் பணிந்தவனே தன் ஊரில் அந்நியனானான்.

இப்பிளவுக்குப் பழைய வேர்களும் உண்டு. நாட்டிங்ஹாம்ஷயரின் நிலக்கரிப் படலங்கள் தடித்தவை, இயந்திரங்களுக்கு ஏற்றவை. 1970களின் இறுதியில், தேசிய வாக்கெடுப்பில் தோற்றபோதிலும், மாவட்டந்தோறும் உற்பத்திக்கேற்ற ஊக்க ஊதியம் நடைமுறைக்கு வந்தது. நல்ல சுரங்கத்தில் இருந்தவனுக்குக் கை நிறையக் காசு. வறண்ட சுரங்கத்தில் இருந்தவனுக்கு ஏக்கம். வாக்கெடுப்பைப் பற்றி அன்று கவலைப்படாதவர்கள் இன்று அதனைக் கேட்கிறார்களே என்று மற்ற மாவட்டத்தார் கசந்தனர். இதற்கும் முன்னால், 1926ஆம் ஆண்டுப் போராட்டத்தின் முடிவில் ஜார்ஜ் ஸ்பென்ஸர் என்பவர் இதே மாவட்டத்தில் முதலாளிகளுடன் தனி உடன்படிக்கை செய்து போட்டிச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். அது தாய்ச்சங்கத்தோடு மீண்டும் இணைய 1937 வரை ஆயிற்று. ஆகவே 1985இல் 'ஜனநாயகச் சுரங்கத் தொழிலாளர் சங்கம்' என்ற பெயரில் நாட்டிங்ஹாம்ஷயரில் ஒரு தனிச் சங்கம் எழுந்தபோது, முதியவர்களுக்கு அது இரண்டாம் முறையாகக் கண்ட காட்சியாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. அது வேலை தேடி வெளியூர் வந்த நம்மவர் உள்ளத்தைத் தொடத்தக்கது. இம்மாவட்டத்துச் சுரங்க ஊர்களில் வாழ்ந்தோர் அனைவரும் மண்ணின் மைந்தர் அல்லர். 1950களிலும் 1960களிலும் ஸ்காட்லாந்திலும் டர்ஹாமிலும் சுரங்கங்கள் மூடப்பட்டபோது, அங்கிருந்து குடும்பம் குடும்பமாக இங்கே குடியேறியவர்கள் பலர். தம் ஊரில் சுரங்கம் மூடப்பட்டால் தேவாலயமும் கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் என்னவாகும் என்பதை அவர்கள் ஒரு முறை கண்டவர்கள். பிழைக்க வந்த இடத்திலும் அதே கதை தொடருமோ என்னும் அச்சம் அவர்களுக்கு இருந்ததில் வியப்பில்லை.

போலீஸும் சந்தேகமும்

வேலை நிறுத்தக்காரர் பிற மாவட்டங்களிலிருந்து வந்து நாட்டிங்ஹாம்ஷயர் சுரங்க வாயில்களில் மறியல் செய்தனர். 1984 மார்ச் 15ஆம் நாள் ஆலர்ட்டன் என்னுமிடத்தில் நடந்த மறியலின்போது 24 வயது யார்க்ஷயர் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். நாடெங்கிலுமிருந்து போலீஸார் வரவழைக்கப்பட்டனர். கென்ட் மாவட்டத்துத் தொழிலாளர் நாட்டிங்ஹாம்ஷயருக்கு வராதபடி, நூறு மைலுக்கும் அப்பாலுள்ள டார்ட்ஃபோர்டு சுரங்கப் பாதையிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டனர். உள்ளூர்ப் போலீஸ்காரர் தெரு முனையில் நின்று நலம் விசாரிப்பவர். லண்டனிலிருந்து வந்தவர்களோ மிகை ஊதியமாகக் கிடைத்த நோட்டுகளைப் பட்டினி கிடந்தவர்கள் முகத்துக்கெதிரே ஆட்டிக் காட்டினார்கள் என்று இன்றும் மனம் வெதும்பி நினைவுகூர்வோர் உண்டு. போராட்டக் காலத்தில் கைதானோர் 11,000க்கு மேல். ஜூன் 18ஆம் நாள் தென் யார்க்ஷயரின் ஆர்கிரீவில் நடந்த மோதலை ஒட்டி 95 பேர் மீது தொடுத்த வழக்குகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அந்நிகழ்ச்சியைப் பற்றிப் பொது விசாரணை நடைபெறும் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவித்தது 2025 ஜூலையில்! நாற்பத்தோராண்டுகள் கழித்து.

இவ்வடுவின் மீதே நாடகாசிரியர் தம் கதையின் முடிச்சைப் போடுகிறார். வேலை நிறுத்தக் காலத்தில் வேறு பெயரில் ஊருக்குள் அனுப்பப்பட்ட போலீஸ் உளவாளி ஒருவர், வேலை முடிந்த பின்னும் திரும்பாமல் ஊராரில் ஒருவராகவே வாழ்ந்துவிட்டார் என்பது கதை. அவர் யார்? இது ஆசிரியரின் கற்பனை. ஆனால் ஆகாயத்திலிருந்து பறித்த கற்பனை அன்று. லண்டன் போலீஸில் 1968ஆம் ஆண்டு முதல் ஓர் இரகசியப் பிரிவு இயங்கி, அதன் ஆட்கள் பொய்ப் பெயருடன் பொது இயக்கங்களுக்குள் நுழைந்து பழகி வந்ததும், அதனைப் பற்றி 2015இல் அரசாங்கமே விசாரணை ஏற்படுத்தியதும் உலகறிந்த செய்திகள். உளவாளி ஊரில் இருக்கிறார் என்ற பேச்சு எழுந்தவுடன் ஒவ்வொருவரும் மற்றவரை உற்றுப் பார்க்கத் தொடங்கும் காட்சிகள் நாடகத்தின் சிறந்த பகுதிகள். உளவாளி சேகரித்த தகவலைவிட, உளவாளி உண்டு என்ற எண்ணம் செய்த கேடு பெரிது. அவர் யார் என்பதை இங்கே வெளியிட்டு, பார்க்கவிருப்போரின் சுவையைக் கெடுக்க நாம் விரும்பவில்லை.

ஒரு சொல்லின் ஆயுள்

நாடகம் முழுவதும் ஒரு சொல் ஒலித்துக்கொண்டேயிருக்கிறது. வேலை நிறுத்தத்தை முறித்து உள்ளே செல்பவனை ஆங்கிலேயத் தொழிலாளர் 'ஸ்கேப்' என்பர். புண்ணின் மேல் காயும் பொருக்குக்கும் அதுவே பெயர். 'பிளாக்லெக்' என்று மற்றொரு சொல்லும் அவர்களிடம் உண்டு. கரிய கால் என்பது அதன் நேர்ப்பொருள். நாமோ 'கருங்காலி' என்கிறோம். வைரம் பாய்ந்த நல்லதொரு மரத்தின் பெயர், தொழிற்சங்க மேடையில் வசைச்சொல்லாயிற்று. கோடரிக்காம்பாகித் தன் இனத்தையே வெட்டச் செய்யும் மரம் என்ற உவமை நமக்குப் புதிதன்று.

அச்சொல் பிறந்த கணத்தில் அதற்கு ஒரு பொருள் இருந்தது. ஒரு பயனும் இருந்தது. கூலிக்குப் போராடுகிறவனுக்கு ஒற்றுமையைத் தவிர வேறு ஆயுதம் இல்லை. அவ்வொற்றுமையைக் குலைப்பவனை அவன் கடிந்துரைப்பது இயல்பே. ஆனால் சுரங்கம் மூடி, சக்கரக் கோபுரம் இடிந்து, கரிக் குவியல்மேல் புல் முளைத்த பின்பும் அச்சொல் மட்டும் மூடப்படவில்லை. வேலைக்குச் சென்றவனை விட்டு அவன் மனைவியைப் பற்றிற்று. பிறகு அந்நாளில் பிறந்திராத பிள்ளையைப் பற்றிற்று. நாடகத்தில் வேலைக்குச் சென்ற ஒருவருடைய மகனின் வாழ்க்கை சீரழிவதை ஆசிரியர் அனுதாபத்தோடு காட்டுகிறார். அவன் செய்த குற்றத்தை அதற்காகப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. தந்தை சேர்த்த கடனைப் பிள்ளை தீர்ப்பதுண்டு. தந்தை பெற்ற வசைச்சொல்லைப் பிள்ளை எதைக் கொண்டு தீர்ப்பது?

இதில் மிகக் கொடிய முரண் ஒன்று உண்டு. வேலைக்குச் சென்றவர்களுடைய சுரங்கங்கள் தப்பினவா என்றால், இல்லை. 1992 அக்டோபரில் அரசாங்கம் மேலும் 31 சுரங்கங்களை மூடப்போவதாக அறிவித்தது. 1984இல் அரசாங்கத்துக்குக் கை கொடுத்த நாட்டிங்ஹாம்ஷயர்ச் சுரங்கங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. நன்றி என்பது அரசாங்கங்களின் அகராதியில் அரிதாகவே அகப்படும். அன்னெஸ்லி சுரங்கம் 2000இல் மூடப்பட்டது. மாவட்டத்தின் கடைசிச் சுரங்கமான தோர்ஸ்பி 2015 ஜூலையிலும், நாட்டின் கடைசி ஆழ்சுரங்கமான யார்க்ஷயரின் கெல்லிங்லி அதே ஆண்டு டிசம்பரிலும் மூடப்பட்டன. நிலக்கரியால் இயங்கிய கடைசி பிரிட்டிஷ் மின்நிலையமும் நாட்டிங்ஹாம்ஷயரில்தான் இருந்தது. ராட்கிளிஃப் என்னுமிடத்து அந்நிலையம் 2024 செப்டம்பர் 30ஆம் நாள் நின்றது. போனவனுக்கும் வேலையில்லை, போகாதவனுக்கும் வேலையில்லை. இருவருக்கும் பொதுவாக எஞ்சியது பகை ஒன்றே.

நடிப்பும் படைப்பும்

காரியின் மனைவி ஜூலியாக வரும் லெஸ்லி மான்வில்லின் நடிப்பைத் தனியே குறிப்பிட வேண்டும். கணவரை இழந்த துயரத்தையும், அவருடைய பிடிவாதத்தோடு பல்லாண்டு வாழ்ந்த அலுப்பையும் ஒரே முகத்தில் காட்டுகிறார்; குரலை உயர்த்துவதில்லை. வேலிக்கு அப்பாலுள்ள சகோதரியாக கிளேர் ரஷ்புரூக். செயின்ட் கிளேராக வரும் டேவிட் மாரிஸ்ஸி, பேச வேண்டியதைப் பேசாமல் விழுங்கும் மனிதரை நம் கண்முன் நிறுத்துகிறார். தம் ஊரை எப்போதும் 'முன்னாள் சுரங்க ஊர்' என்றே அழைப்பதை ஜூலி வெறுப்பது நம் சிந்தனைக்குரியது. இல்லாமற் போனதைக் கொண்டே ஒருவனை அழைத்துக்கொண்டிருந்தால், இருப்பதைக் கொண்டு அவன் எவ்வாறு வாழத் தொடங்குவான்?

குறையும் சொல்ல வேண்டும். இரண்டாவது கொலையின் கதை முதலாவதோடு முழுதும் ஒட்டவில்லை. 2004இல் அவை இரண்டும் ஒரே வேளையில் நேர்ந்தன என்பதற்காகவே நாடகத்திலும் இடம் பெற்றதுபோல் தோன்றுகிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய இரண்டாம் தொடரில் புதிய சுரங்கம் ஒன்றைத் தோண்டலாமா என்ற விவாதம் வருகிறது. ஆனால் கூலிக்கு அடிக்கும் கும்பல்களின் சண்டைகள் அதில் மிகுந்துவிட்டன; முதல் தொடரின் கனம் அதற்கில்லை.

இருப்பினும், இரு தரப்பில் எவரையும் அயோக்கியராக்கி மற்றவரைத் தியாகியாக்காமல் எழுதியது சாமான்யமன்று. அவ்வூரில் பிறந்தவர் ஒருவர், இருதரப்பாரும் இன்னும் உயிரோடிருக்கையிலேயே எழுதினார் என்பதை எண்ணும்போது அதன் அருமை கூடுகிறது.

ஊரை விட்டு வந்து, ஒரு மண்டபத்தில் கூடி, ஒரு சங்கமாக வாழ்பவர்கள் நாம். தேர்தலும் கருத்து வேற்றுமையும் நம்மிடையேயும் உண்டு; இருக்கவும் வேண்டும். வாக்குப் பெட்டியைத் திறந்த இரவில் ஒருவரையொருவர் என்ன பெயர் சொல்லி அழைத்தோம் என்பதை மறுநாள் மறந்துவிடுகிறோமா என்பதே கேள்வி. அந்த மறதி இல்லாத ஊர் எப்படியிருக்கும் என்பதை 'ஷெர்வுட்' காட்டிவிட்டது. கொல்லை வேலி இடுப்பளவே உயரம். அதைத் தாண்டி ஒரு வார்த்தை சொல்ல அச்சகோதரிகளுக்கு ஒரு கொலை வேண்டியிருந்தது. நமக்கு அவ்வளவு வேண்டாம்.